கடகடவென்று வாசிக்கிறாள், கேள்வி கேட்டால் விழிக்கிறாள்

கேள்வி: என் மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். பாடத்தைத் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறாள். கேள்வி கேட்டால் புத்தகத்தில் உள்ள ஒரு வரியை அப்படியே ஒப்பிக்கிறாள். சொந்தமாகச் சொல்லத் தெரியவில்லை. தினமும் இன்னும் நாலு பக்கம் வாசிக்கச் சொல்லட்டுமா?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: வேண்டாம். நாலு பக்கம் கூடினால் வேகம்தான் கூடும். அது அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. கேள்வியில் வரும் சொல் பாடத்தில் எங்கே என்று தேடி, அந்த வரியை எடுத்துக் கொடுப்பது பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிக்கும் வித்தை. அதற்கு மார்க்கும் விழுந்துவிடும். அதனால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் இதை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கும் திறனைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனால் பெருக்கினால் வருவதுதான் படித்துப் புரிதல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். உங்கள் மகளுக்கு முதலாவது இருக்கிறது. இரண்டாவதைச் சோதிக்க, அவள் படிக்காத ஒரு பத்தியை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். புரியவில்லையா? அதையே வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லுங்கள். இப்போது புரிந்தால், புத்தகத் தமிழ் இன்னும் காதுக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். நம் பிள்ளைகள் பலருக்குச் சிக்கல் இங்கேதான் என்பேன்.

பத்தி சின்னதாக இருக்கட்டும். இப்படி:

‘மேட்டூர் அணை திறக்கப்பட்டது. கடைமடைக்கு நீர் வந்து சேரப் பல நாள்கள் ஆயின. அதற்குள் நாற்றுகள் வாடத் தொடங்கின.’

"நாத்து ஏன் வாடுச்சு?" என்று கேளுங்கள். பதில் எந்த வரியிலும் நேராக இல்லை. காப்பியடிக்க வழியே கிடையாது. அவள் திணறினால் ‘அதற்குள்’ மேல் விரலை வைத்து, "எதுக்குள்ள?" என்று கேளுங்கள். "தண்ணி வர்றதுக்குள்ள" என்று வந்துவிட்டால் மூன்று வரியும் அவளுக்குள் கோத்துக்கொண்டது என்று அர்த்தம். அது, அவர்கள், ஆனால், எனவே போன்ற பொடிச் சொற்களைத்தான் வேகமாக வாசிக்கிற பிள்ளைகள் தாண்டிப் போவார்கள். ‘திறக்கப்பட்டது’ என்பதையும் விடாதீர்கள். நாம் வாயில் சொல்வது "தொறந்துட்டாங்க". யார் திறந்தது என்று கேட்டால் அந்த வாக்கியமும் பிடிபடும்.

அப்புறம், படித்ததை அப்பாயியிடம் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். புத்தக வார்த்தையிலேயே சொன்னால் அப்பாயி "என்னடி சொல்ற?" என்பார், தானாகவே மாற்றிச் சொல்லுவாள். எழுதச் சொல்வது பிறகு இருக்கட்டும். முதலில் வாயால் வரட்டும்.

நாளுக்கு ஒரு பத்தி, பத்து நிமிஷம் போதும். வீட்டுப் பேச்சில் சொல்லியும் பல வாரம் பிடிபடாமலே இருந்தால், காது சரியாகக் கேட்கிறதா என்று ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிட்டு, வகுப்பு டீச்சரிடம் பேசுங்கள்.