செத்தும் கங்காணி வேலையா?

ஐயா, வணக்கம்.

என் மகள் இரண்டாம் படிவம் படிக்கிறாள். காலமான என் அம்மாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். பாட்டி வானத்திலிருந்து எங்களை ‘வாட்ச் ஓவர்’ செய்கிறார் என்பது கடைசி வரி. அதை மாமியாருக்குத் தமிழில் சொன்னபோது, அகராதியில் கண்டபடி ‘கண்காணிக்கிறார்’ என்றேன். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர் அவர். “அடக் கடவுளே, சம்பந்திக்குச் செத்தும் கங்காணி வேலையா?” என்று சிரித்துவிட்டார். நான் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்? ‘லுக் ஆஃப்டர்’ என்பதும் இதுவும் ஒன்றுதானா?

வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள வாசகிக்கு,

முதல் வணக்கம் உங்கள் மாமியாருக்கு. அகராதி கோட்டைவிட்டதை அவர் பிடித்துவிட்டார்.

கண்காணி பழைய சொல். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்ப்பவருக்கு அந்தப் பெயர் உண்டு. திருமந்திரத்தில் இறைவனே கண்காணிதான். ஆனால் அங்கேயும், யாரும் பார்க்கவில்லை என்று கள்ளம் செய்கிறவனைப் பார்த்துவிடும் கண் அது. மலாயாத் தோட்டங்களில் அது கங்காணி என்று வழங்கியது. ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்து, வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கியவர். 1938இல் இந்திய அரசு அந்த ஆள்சேர்ப்பைத் தடுத்தது. பெயர் மட்டும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் தங்கிவிட்டது. அந்தப் பார்வையில் கணக்குதான் இருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு ‘ஓவர்சீ’, ‘சூப்பர்வைஸ்’ இருக்கின்றன.

‘வாட்ச்’ தனியாக வந்தால் வெறும் பார்ப்பது. டிவியையும் பார்க்கலாம், சந்தேகப்பட்ட ஆளையும் பார்க்கலாம். ‘ஓவர்’ சேர்ந்ததும், பார்க்கப்படுகிறவருக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பதைப்பு உள்ளே வந்துவிடுகிறது. மேற்பார்வை என்ற பொருளும் அதற்கு உண்டு, அகராதியைக் குறை சொல்ல முடியாது. பாட்டிக்குப் பொருந்துவது மற்றது.

‘லுக் ஆஃப்டர்’ வேறு. நான் வளர்ந்த தோட்டத்து ஆயாக்கொட்டகையை நினைத்துக்கொள்கிறேன். விட்டத்தில் வரிசையாகத் தூளிகள். விடியுமுன்பே தாய்மார் போட்டுவிட்டுப் போன பிள்ளைகள். ஆயா மடியில் ஒன்றுக்குக் கஞ்சி ஊட்டுவார். இன்னொரு தூளியின் கயிறு அவர் கால் கட்டைவிரலில் ஆடும். மூக்குச் சிந்திவிடுவதும் அவர் கைதான். அதுதான் ‘லுக் ஆஃப்டர்’. எல்லையில் அரிவாளோடு நிற்கும் முனியாண்டி யாருக்கும் கஞ்சி ஊட்டியதில்லை. ஆனால் அவர் இருக்கிறார் என்றுதான் இருட்டில் டார்ச்லைட்டோடு மரம் வெட்டக் கிளம்பினோம். அது ‘வாட்ச் ஓவர்’.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. வாட்ச்மேனை நாம் ஜாகா என்கிறோம், மலாய்க்காரர்களிடம் வாங்கிய சொல். மலாயில் அதற்குக் காவல் என்றும் பொருள், விழித்திருப்பது என்றும் பொருள். ஆங்கிலத்திலும் ‘வாட்ச்’, ‘வேக்’ இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. காய்ச்சல்காரப் பிள்ளை பக்கத்தில் இராத்திரி முழுக்கக் கண்விழித்து உட்கார்ந்திருக்கிறாளே தாய், அவளுக்கு ‘வாட்ச் ஓவர்’ என்று தாராளமாகப் போடலாம். (நம் தோட்டத்து ஜாகா பத்து மணிக்கே குறட்டை விடுவார் என்பது தனிக்கதை.)

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். யாரை என்பது ‘ஓவர்’க்குப் பிறகுதான் வர வேண்டும்: ‘வாட்ச் ஓவர் அஸ்’. நடுவில் செருகி ‘வாட்ச் அஸ் ஓவர்’ என்றால் தப்பு. ‘வாட்ச் அவுட்’ என்பதோ, பாம்பைக் கண்டதும் நாம் கத்தும் “பார்த்து!”

தமிழில் ‘காத்து நிற்கிறார்’ என்று எழுதலாம். வீட்டில் அப்படிப் பேச மாட்டோம். “பாட்டி மேலேருந்து நம்மளப் பாத்துக்கிட்டே இருக்காங்க” என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். மறுபடியும் சிரித்தால் எனக்கு எழுதுங்கள்.