பழைய கேஸ் எந்தச் சோதனையில் தெரியும்?

வாசகர் கேள்விகள், சட்ட பதில்கள்

கேள்வி: 2018-ல் கல்லூரியில் நடந்த கைகலப்பில் என் பெயரையும் எஃப்.ஐ.ஆரில் சேர்த்துவிட்டார்கள். 294(பி), 323, 506(1) பிரிவுகள், அதாவது ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது. பிறகு இரண்டு தரப்பும் சமாதானமாகி, 2021-ல் ஹைகோர்ட் மதுரைக் கிளையில் வழக்கை ரத்து செய்து வாங்கிவிட்டோம். இப்போது ஐ.டி. வேலை கிடைத்திருக்கிறது, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் என்கிறார்கள். பாஸ்போர்ட்டும் எடுக்க வேண்டும். பழைய கேஸ் தெரிந்துவிடுமா? சொல்லாமல் விட்டுவிடலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: தம்பி, எல்லாச் சோதனையும் ஒரே இடத்தில் போய்த் தேடுவதில்லை. அதைப் புரிந்துகொண்டாலே பாதி பயம் போய்விடும்.

முதலில் கம்பெனி. அவர்கள் அமர்த்தும் ஏஜென்சியால் போலீஸின் சி.சி.டி.என்.எஸ். என்ற கம்ப்யூட்டர் குற்றப் பதிவுக்குள் போக முடியாது. பெரும்பாலும் கோர்ட் வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரையும் வருடத்தையும் போட்டுத் தேடி, வருகிற வழக்குகளில் அப்பா பெயரும் முகவரியும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆரோடு நின்றுபோன வழக்கு கீழ்க்கோர்ட்டில் நம்பர் ஆகியிருக்காது, அதனால் அங்கே வராது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி சி.சி. நம்பர், அதாவது கீழ்க்கோர்ட் வழக்கு எண், விழுந்திருந்தால், முடிந்துபோன வழக்கு என்ற பட்டியலில் இன்றும் இருக்கும். உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. ரத்து கேட்டு ஹைகோர்ட்டில் நீங்கள் போட்ட கிரிமினல் ஓ.பி. என்ற மனுவில் மனுதாரரே நீங்கள்தான், அந்த உத்தரவு ஹைகோர்ட் தளத்தில் இருக்கும், தனியார் சட்டத் தளங்களும் அதை எடுத்துப் போட்டிருக்கலாம், ஆக கேஸை ஒழிக்கப் போட்ட மனுவே கூகுளில் முதலில் வந்து நிற்கலாம். இது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்டதை 2021-ல் சென்னை ஹைகோர்ட்டின் தனி நீதிபதி மறுத்தார், 2024 பிப்ரவரியில் இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் ஏற்றது, அதே ஜூலையில் சுப்ரீம் கோர்ட் அதற்குத் தடை விதித்துவிட்டது. அதனால் பெயர் தெரியாமலே போய்விடும் என்று நம்பி எதையும் செய்யாதீர்கள்.

பாஸ்போர்ட் வேறு கதை. அதில் போலீஸே தன் பதிவைப் பார்க்கிறது. ஆனால் கிரிமினல் வழக்கு பற்றிச் சட்டம் முக்கியமாகக் கேட்பது இரண்டு விஷயம்: கோர்ட்டில் வழக்கு நிலுவையில் இருக்கிறதா, கடந்த 5 ஆண்டுக்குள் ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு 2 ஆண்டுக்குக் குறையாத தண்டனை பெற்றீர்களா. உங்களுக்கு இரண்டுமே இல்லை. (வழக்கு நிலுவையில் இருப்பவர்களுக்கும் வழி அடைபடவில்லை. 1993-ல் வந்த மத்திய அரசு அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் கோர்ட்டில் அனுமதி வாங்கி பாஸ்போர்ட் எடுக்கலாம்.) சிக்கல் எங்கே வரும் என்றால், ஹைகோர்ட் ரத்து செய்தது ஸ்டேஷன் பதிவில் ஏறாமலே இருக்கலாம். கம்ப்யூட்டரில் இன்னமும் 'யு.ஐ.', அதாவது புலன் விசாரணையில், என்றே காட்டலாம். விசாரணைக்கு வரும் காவலர் அதைப் பார்த்துப் பாதகமாக எழுதிவிட்டால் அப்புறம் அலைச்சல்தான். இப்போதே உத்தரவின் சான்றிட்ட நகலை ஒரு மனுவோடு ஸ்டேஷனிலும் எஸ்.பி. ஆபீஸில் உள்ள டி.சி.ஆர்.பி.யிலும் (மாவட்டக் குற்றப் பதிவேடுகள் பிரிவு) கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள்.

சொல்லாமல் விடலாமா என்கிறீர்கள். படிவத்தில் என்ன கேட்டிருக்கிறது என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். தண்டனை பெற்றதுண்டா என்றால் இல்லை. வழக்கு நிலுவையில் உள்ளதா என்றாலும் இல்லை. எப்போதாவது உங்கள் மேல் வழக்குப் பதிவானதா, கைது செய்யப்பட்டீர்களா என்று கேட்டிருந்தால் உள்ளதைச் சொல்லி, உத்தரவு நகலை இணைத்துவிடுங்கள். நாளைக்கு அமெரிக்க விசாவுக்குப் போனாலும் படிவம் எப்போதாவது கைதானதுண்டா என்றுதான் கேட்கும், வழக்கு ரத்தானாலும் அந்தப் பதில் மாறாது. வேலை போனவர்களில் நிறையப் பேர் கேஸால் போகவில்லை, மறைத்ததால் போனார்கள். அரசு வேலை விஷயத்தில் 2016-ல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயத்தை மறைத்திருந்தால் நிர்வாகம் மன்னிக்கலாம், ஆனால் கொடுக்கிற தகவல் உண்மையாக இருக்க வேண்டும்.

கேள்வி: என் மகன் 16 வயதில் நண்பர்களோடு பைக் திருட்டுக் கேஸில் மாட்டி, சிறார் நீதிக் குழுமத்தில் முடிந்தது. இப்போது போலீஸ் தேர்வு எழுதியிருக்கிறான்.
- ஒரு தாய், விழுப்புரம்

பதில்: அம்மா, சாதாரணத் திருட்டு வழக்கு அவனுக்குத் தகுதியிழப்பு ஆகாது. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது, பதிவுகளை உரிய காலத்துக்குப் பிறகு அழிக்கவும் சொல்கிறது. 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றத்தில் பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி என முடிவானவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆனால் தமிழ்நாடு போலீஸ் தேர்வு கறாரானது, பெரியவர்கள் விஷயத்தில் 'சந்தேகத்தின் பலன்' கொடுத்து விடுதலையானவரைக்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே குழுமத்தின் உத்தரவையும் பிறப்புச் சான்றையும் கையில் வையுங்கள், படிவத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். இதைக் காட்டி நிராகரித்தால் ஹைகோர்ட்டில் ரிட் போடலாம்.

கேள்வி: என் மேல் எந்த வழக்கும் இல்லை. ஆனால் கம்பெனி ரிப்போர்ட்டில் அடிதடி கேஸ் ஒன்று இருக்கிறதாம்.
- வாசகர், சேலம்

பதில்: உங்கள் பெயரே உள்ள வேறொருவரின் கேஸாக இருக்கும் அது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியலும் ஒரு பெயரும்தான், அதையும் ஸ்டேஷன் ரைட்டர் கேட்டபடி இங்கிலீஷில் எழுதியிருப்பார். ஹெச்.ஆரிடம் சண்டை போடாமல் ரிப்போர்ட் நகலையும் அதிலுள்ள சி.என்.ஆர். நம்பரையும் (ஒவ்வொரு கோர்ட் வழக்குக்கும் உள்ள தனி எண்) கேளுங்கள். அந்த 16 இலக்கத்தை இ-கோர்ட்ஸில் போட்டால் எந்த ஸ்டேஷன், எந்த எஃப்.ஐ.ஆர். என்று வரும். எஃப்.ஐ.ஆரில் குற்றம் சாட்டப்பட்டவரின் அப்பா பெயர், வயது, ஊர் இருந்தால் அதையும் உங்கள் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துமூலம் அனுப்புங்கள். கூடவே தமிழ்நாடு போலீஸ் தளத்தில் நீங்களே உங்களுக்கு நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். அது வரும்வரை சேரும் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி இன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.