சர்வர் சந்தேகங்கள்: சீக்ரெட் ஒன்றுதான், கையொப்பம் மட்டும் ஒத்துவரவில்லை

இந்த முறை வந்தவற்றில் டோக்கன் (லாகின் செய்தவர் யார் என்று சொல்லும் சீட்டு), மெசேஜ் ஆகியவற்றின் கையொப்பம் பற்றிய கேள்விகளை மட்டும் தனியே எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: மேடம், எங்கள் லாகின் சேவை ஜாவா, ஆர்டர் சேவை நோட்.ஜேஎஸ். ஜாவா தருகிற ஜேடபிள்யூடி டோக்கனை நோட் பக்கம் சரிபார்த்தால் ‘இன்வேலிட் சிக்னேச்சர்’ என்று வருகிறது. இரண்டு பக்கமும் ஒரே சீக்ரெட் (கையொப்பம் போடும் ரகசியச் சாவி), காப்பி பேஸ்ட் செய்ததுதான். அல்காரிதமும் ஒன்றே, ஹெச்எஸ்256 (இரு பக்கமும் ஒரே சீக்ரெட்டை வைத்துக் கையொப்பம் பார்க்கும் முறை). டீம் லீடர், “வெரிஃபையை எடுத்துட்டு டிகோட் போடு, திங்கட்கிழமை ரிலீஸ்” என்கிறார். போடலாமா? – ஒரு வாசகி, ஈரோடு

ப: போடவே கூடாது. வெரிஃபை கையொப்பத்தைச் சரிபார்க்கும், டிகோட் உள்ளே இருப்பதைப் படிக்க மட்டுமே செய்யும். டீம் லீடருக்கு வாயால் விளக்க வேண்டாம், செய்தே காட்டிவிடுங்கள். ஒரு டோக்கனை எடுங்கள். புள்ளி வைத்துப் பிரித்த மூன்று துண்டுகளில் நடுத்துண்டை பேஸ்64 (பைட்டுகளைச் சாதாரண எழுத்துகளாக எழுதும் முறை) வடிவிலிருந்து பிரித்தால் பயனர் எண் பளிச்சென்று தெரியும். அந்த இடத்தில் உங்கள் லீடரின் எண்ணைப் போட்டு, திரும்ப பேஸ்64 ஆக்கி, டிகோட் மட்டும் செய்யும் ஆர்டர் சேவைக்கு அனுப்புங்கள். அவர் பெயரில் ஆர்டர் விழும். அதன் பிறகு அவரே வெரிஃபையைத் திரும்பக் கேட்பார்.

இனி உங்கள் சிக்கலுக்கு வருவோம். ‘ஒரே சீக்ரெட்’ என்கிறீர்கள். நீங்கள் ஒட்டியது ஒரே எழுத்துகளை. ஆனால் ஹெச்எஸ்256 கணக்குக்குள் போவது எழுத்துகள் இல்லை, பைட்டுகள். நீங்கள் ஜாவாவில் ஜேஜேடபிள்யூடி நூலகத்தின் பழைய ‘சைன்வித்’ முறைக்கு சீக்ரெட்டை ஸ்ட்ரிங்காகக் கொடுத்திருக்கிறீர்கள் என்பது என் ஊகம். அந்த முறை, வருகிற ஸ்ட்ரிங்கை பேஸ்64 என்று தானாகவே எடுத்துக்கொண்டு பிரித்துவிடும். நோட் பக்கம் பலரும் வைத்திருக்கிற ஜேசன்வெப்டோக்கன் நூலகமோ எழுத்துகளை அப்படியே பைட்டுகளாக எடுத்துக்கொள்ளும். ஆக, 44 எழுத்தில் உள்ள அதே சீக்ரெட் ஜாவாவுக்கு 32 பைட், நோட்டுக்கு 44 பைட். இரண்டும் வேறு வேறு சாவி. பிறகு கையொப்பம் எப்படி ஒத்துப்போகும்? இதில் பலர் தடுமாறியதால்தான் ஜேஜேடபிள்யூடிக்காரர்கள் 0.10 பதிப்பிலேயே அந்த முறையை ‘இனிப் பயன்படுத்தாதீர்கள்’ பட்டியலில் தள்ளினார்கள். பழைய ப்ராஜெக்ட்டில் அது இன்னும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன்.

ஊகம் சரியா என்று தெரிந்துகொள்ள, இரண்டு பக்கமும் தற்காலிகமாக ஒரு லாக் வரி எழுதுங்கள்: சாவியின் நீளம் பைட்டில் எவ்வளவு, சாவியை எஸ்ஹெச்ஏ-256 (எந்தத் தரவையும் நிலையான நீளச் சுருக்கமாக்கும் கணக்கு) போட்டால் வரும் முதல் எட்டு எழுத்து என்ன. சாவியையே லாகில் எழுதிவிடாதீர்கள். 32-ம் 44-ம் வந்தால் நான் சொன்னதுதான். நோட் பக்கம் சீக்ரெட்டை நேராகக் கொடுக்காமல் பஃபர்.ஃப்ரம் வழியாக, ‘பேஸ்64’ என்று குறிப்பிட்டுக் கொடுங்கள், தீர்ந்தது. ஒரு பக்கம் மட்டும் மாற்றுங்கள். அவசரத்தில் ஆளுக்கொரு பக்கம் மாற்றிவைத்தால் பிரச்சினை இடம் மாறி உட்காரும்.

44-ம் 45-ம் வந்தால் கதை வேறு. யாரோ டெர்மினலில் ‘எக்கோ’ கொடுத்து சீக்ரெட்டை ஃபைலில் ஏற்றியிருக்கிறார்கள். எக்கோ கடைசியில் ஒரு புதுவரிக் குறியையும் சேர்த்தே எழுதும். கண்ணுக்குத் தெரியாது, கணக்கில் மட்டும் தெரியும். குபர்நெட்டிஸில் (சேவைகளை சர்வர்களில் ஓட்டி நிர்வகிக்கும் மென்பொருள்) சீக்ரெட் ஏற்றுகிறவர்களிடம் இது வாடிக்கை. ‘எக்கோ’வுக்குப் பதில் ‘பிரின்ட்எஃப்’ போடச் சொல்லுங்கள்.

அல்காரிதம் ஒன்றுதான் என்பதையும் யாரோ சொன்னதை வைத்து நம்பாதீர்கள். டோக்கனின் மூன்றாவது துண்டை எண்ணிப் பாருங்கள். ஹெச்எஸ்256 என்றால் 43 எழுத்து. 342 இருந்தால் அது 2048 பிட் சாவியில் போட்ட ஆர்எஸ்256 போன்ற ஆர்எஸ்ஏ வகை, அங்கே சீக்ரெட்டுக்கு வேலையே இல்லை, பப்ளிக் சாவி (யாருக்கும் தரக்கூடிய, சரிபார்க்க மட்டும் உதவும் சாவி) வேண்டும். 86 என்றால் இஎஸ்256 ஆகவோ ஹெச்எஸ்512 ஆகவோ இருக்கலாம். எண்ணிப் பார்ப்பது உங்களுக்காக. புரோகிராமில் எந்த அல்காரிதத்தை ஏற்பது என்பதை நீங்கள்தான் எழுதிவைக்க வேண்டும். டோக்கனின் முதல் துண்டான தலைப்பில் இருப்பதைக் கேட்டு நடக்கக் கூடாது. அல்காரிதம் ‘நன்’ (எதுவுமில்லை) என்று எழுதி வந்த டோக்கனை, கையொப்பமே இல்லாமல் சில நூலகங்கள் ஏற்றுக்கொண்டது 2015-இல் பெரிய சந்தி சிரிப்பு.

கே: ஒரு துறையின் சோப் (எக்ஸ்எம்எல் மெசேஜ் வழியே பேசும்) சேவைக்கு டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி (அந்த மெசேஜுகளுக்கான பாதுகாப்பு முறை) கையொப்பத்துடன் மெசேஜ் அனுப்புகிறோம். ‘தி சிக்னேச்சர் ஆர் டிக்ரிப்ஷன் வாஸ் இன்வேலிட்’ என்று திரும்புகிறது. அதே சர்ட்டிஃபிகேட்டை வைத்து சோப்யூஐ என்ற சோதனைக் கருவியில் அனுப்பினால் போகிறது. – வாசகர், நாகர்கோவில்

ப: அப்படியானால் சர்ட்டிஃபிகேட்டைச் சந்தேகிக்க வேண்டாம். கையொப்பம் போட்ட பிறகு யாரோ மெசேஜைத் தொடுகிறார்கள்.

எக்ஸ்எம்எல் கையொப்பத்தில் இரண்டு கணக்கு உண்டு. பாடி, டைம்ஸ்டாம்ப் போன்ற ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு டைஜெஸ்ட் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சுருக்கம்). அந்த டைஜெஸ்டுகளை எல்லாம் ‘சைன்டுஇன்ஃபோ’வில் வைத்து, அதன் மேல் கையொப்பம். எதிர்முனைக்காரர் ஜாவாவில் அப்பாச்சி நூலகம் வைத்திருந்தால் அவருடைய லாகில் ‘எக்ஸ்பெக்டட் டைஜெஸ்ட்’, ‘ஆக்சுவல் டைஜெஸ்ட்’ என்று இரண்டு வரி கிடைக்கலாம். கெஞ்சியாவது அதை வாங்குங்கள். அவை வேறுபட்டால் உள்ளடக்கம் மாறியிருக்கிறது. டைஜெஸ்ட் எல்லாம் ஒத்துப்போய்க் கையொப்பம் மட்டும் தோற்றால்தான் சாவிப் பக்கம் போக வேண்டும். உங்களுக்கு வரும் மொட்டை வாக்கியத்தை வைத்துப் பிரயோஜனம் இல்லை. உடைக்க வருகிறவனுக்குத் துப்பு கிடைக்கக் கூடாதென்று வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

நான் முதலில் பார்ப்பது லாக் எழுதும் ஹேண்ட்லரைத்தான். மெசேஜை அழகாக, வரி வரியாக உள்தள்ளி எழுதிவிட்டு, அந்த அழகான பிரதியையே அனுப்பிவைக்கும் புண்ணியவான்கள் உண்டு. “கேனானிக்கலைசேஷன் (எக்ஸ்எம்எல்லை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் படி) இருக்கிறதே, இடைவெளியை அது பார்த்துக்கொள்ளாதா?” என்று கேட்பார்கள். பார்த்துக்கொள்ளாது. அட்ரிபியூட்டுகளின் வரிசை, ஒற்றை மேற்கோளா இரட்டையா, காலி டேக்கைச் சுருக்கியதா விரித்ததா, இவற்றை அது ஒரே மாதிரி ஆக்கும். டேக்குகளுக்கு நடுவில் வரும் இடைவெளியும் புதுவரியும் அதற்கு உள்ளடக்கம்தான், அப்படியே வைத்துக்கொள்ளும்.

அடுத்தது நேம்ஸ்பேஸ், அதாவது ஒரு டேக் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்ற அறிவிப்பு. பாடியைத் தனியாகச் செய்து கையொப்பம் போட்டு, பிறகு மெசேஜின் வெளியுறையான என்வலப்புக்குள் செருகுகிறீர்களா? சாதாரண கேனானிக்கலைசேஷனில் வெளி என்வலப்பின் நேம்ஸ்பேஸ்களும் கணக்கில் வந்து விழும், டைஜெஸ்ட் மாறும். ‘எக்ஸ்க்ளூசிவ்’ வகைக்கு மாறுங்கள். 2002-இல் அதைக் கொண்டுவந்ததே இந்த மாதிரித் தொல்லைக்காகத்தான்.

சர்வர் கடிகாரத்தைச் சரிசெய்யச் சொல்லி உங்களுக்கு யாராவது யோசனை சொல்வார்கள். நேரம் தவறினால் காலாவதி என்று வேறு பிழை வரும், இது வராது. கையிலிருந்து புறப்பட்ட பைட்டுகளை வயரில் பிடித்து, கையொப்பம் போட்ட நொடியில் இருந்த பைட்டுகளோடு டிஃப் போடுங்கள். மறுநாள் நீங்களே எனக்கு விடை எழுதுவீர்கள்.

கே: நன்றாக ஓடிக்கொண்டிருந்த சேவை திடீரென்று ஓர் இரவு எல்லா டோக்கனையும் நிராகரித்தது. ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது. கோட் எதுவும் மாறவில்லை. – வாசகர், யாழ்ப்பாணம்

ப: கோட் மாறவில்லை, சாவி மாறிவிட்டது. டோக்கன் தருகிறவர் அவ்வப்போது சாவியைப் புதுப்பிப்பார். உங்கள் சேவை துவங்கும்போது ஒருமுறை எடுத்துவைத்த பப்ளிக் சாவிப் பட்டியலையே பிடித்துக்கொண்டிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்தபோது புதிதாக எடுத்தது, அவ்வளவே. டோக்கன் தலைப்பில் ‘கேஐடி’ என்று சாவியின் அடையாளம் வரும். அது கைவசமுள்ள பட்டியலில் இல்லாவிட்டால் ஒருமுறை புதுப் பட்டியலை வாங்கித் தேடச் சொல்லுங்கள். இதற்கு ஒரு கால இடைவெளிக் கட்டுப்பாடும் வேண்டும், இல்லையென்றால் எவனாவது வாய்க்கு வந்த கேஐடி போட்டு அனுப்பியே உங்கள் சர்வரை ஓட ஓட விரட்டுவான். பட்டியல் முகவரியை உங்கள் செட்டிங்கிலிருந்து எடுங்கள். டோக்கனுக்குள் எழுதியிருக்கும் முகவரிக்குப் போகவே போகாதீர்கள், போலி டோக்கன் தருகிறவன் போலிச் சாவியையும் அங்கே வைத்திருப்பான்.

கே: மைக்ரோசாஃப்ட் கிராஃபுக்கு (மைக்ரோசாஃப்ட் சேவைகளின் தரவைத் தரும் ஏபிஐ) வாங்கிய ஆக்சஸ் டோக்கனை எங்கள் ஏபிஐயில் (பிற புரோகிராம்கள் அழைக்கும் சேவை) சரிபார்க்க முடியவில்லை. சாவி, கேஐடி எல்லாம் சரி. – வாசகி, சிங்கப்பூர்

ப: அது உங்களுக்கு வந்த டோக்கன் இல்லை. கிராஃபுக்குத் தருவது கிராஃப் மட்டுமே படிப்பதற்கானது. தலைப்பில் ‘நான்ஸ்’ (ஒருமுறை மட்டும் பயன்படும் மதிப்பு) என்று ஒன்று இருக்கிறதா பாருங்கள். அது இருந்தால் வழக்கமான வழியில் நீங்கள் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் கையொப்பம் ஒத்துவராது. உங்கள் ஏபிஐக்கென்று ஒரு ஸ்கோப் (அணுகல் அனுமதி) பதிவு செய்து, அதற்குத் தனி டோக்கன் கேளுங்கள். வந்ததும், டோக்கன் யாருக்கானது என்று சொல்லும் ‘ஆடியன்ஸ்’ புலத்தில் உங்கள் ஏபிஐயின் அடையாளம்தான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சரிபார்க்கத் தொடங்குங்கள்.