க்ரூப் என்றால் மூச்சடைத்துச் சாகும் நோயா?

கேள்வி: என் இரண்டு வயது மகனுக்கு நேற்று முன்தினம் இரவு திடீரென்று நாய் குரைப்பது போல இருமல். மருத்துவர் ‘க்ரூப்’ என்று எழுதிக் கொடுத்தார். இணையத்தில் தேடினால், தொண்டையில் தோல் மாதிரி படர்ந்து குழந்தைகள் மூச்சடைத்துச் செத்த நோய் என்கிறார்கள். இன்னோரிடத்தில் குதிரையின் பின்பக்கம் என்று இருக்கிறது. ஆவி காட்டினேன், வீட்டில் மீதியிருந்த ஆன்டிபயாடிக் சிரப்பும் கொடுத்தேன். பயத்தில் இரவெல்லாம் தூங்கவில்லை.

பதில்: நீங்கள் படித்த நோய் வேறு அம்மா, உங்கள் மகனுக்கு வந்திருப்பது வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.

தொண்டை கட்டிக் கரகரவென்று கத்துவதற்கு ஸ்காட்லாந்துப் பக்கத்தில் வழங்கிய பேச்சுச் சொல் அது. எடின்பர்க் மருத்துவர் ஃபிரான்சிஸ் ஹோம் 1765-ல் அந்தப் பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். சொல் மருத்துவத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் அது சத்தத்துக்கு வைத்த பெயர். அப்படி இருமிய குழந்தைகள் எல்லோருக்கும் க்ரூப் என்றே எழுதினார்கள். அவர்களில் பலருக்கு இருந்தது டிப்தீரியா, அதாவது தொண்டை அடைப்பான். சவ்வு படர்ந்து மூச்சை அடைத்தது அதுதான். 1826-ல் பிரெஞ்சு மருத்துவர் பிரெத்தோனோ அதற்குத் தனிப்பெயர் கொடுத்தார். அப்புறமும் வெகுகாலம் டிப்தீரியாவை ‘உண்மை க்ரூப்’ என்றும், வைரஸால் வருவதைப் ‘பொய் க்ரூப்’ என்றும் சொல்லி வந்தார்கள். இன்று நாங்கள் க்ரூப் என்று எழுதுவது அந்தப் பொய் க்ரூப்பைத்தான். பையனுக்கு டிப்தீரியா தடுப்பூசித் தவணைகள் சரியாகப் போட்டிருந்தால் அந்தப் பயத்தை விடுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள்.

குதிரையின் பின்பக்கம் என்பது பிரெஞ்சிலிருந்து வந்த வேறு சொல். இருமலுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

குரல் நாண்களுக்குக் கொஞ்சம் கீழே, மூச்சுக்குழாய் குறுகலாக இருக்கும் இடத்தில் வைரஸால் வீக்கம் வருகிறது. சின்னக் குழந்தைக்கு அந்த வழியே சில மில்லிமீட்டர்தான். அதனால்தான் பெரியவர்களுக்கு வெறும் தொண்டைக்கட்டாகப் போவது இவர்களுக்குக் குரைப்பாக வருகிறது. இரவில் கூடும், பகலில் குறையும். பெரும்பாலும் மூன்று நான்கு நாட்களில் அடங்கிவிடும். குரைக்கும் இருமல் கேட்கப் பயமாக இருக்கும். ஆபத்தை அதை வைத்து அளக்காதீர்கள்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது வரும் சத்தத்தைக் கவனியுங்கள். அழும்போதும் ஓடும்போதும் கேட்டால் அவ்வளவு கவலை இல்லை. மடியில் அமைதியாக இருக்கும்போதோ தூங்கும்போதோ ஒவ்வொரு மூச்சுக்கும் கரகரவென்று இழுத்தால், எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சட்டையைத் தூக்கிப் பாருங்கள்: கழுத்துக்குழியும் விலா எலும்புகளின் இடுக்கும் உள்வாங்கினால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, இழுத்துக்கொண்டிருந்த சத்தம் குறைந்து குழந்தையும் சோர்ந்து துவண்டால் அது தேறுதல் அல்ல, களைப்பு. இதைப் பார்த்துவிட்டு ‘அப்பாடா, தூங்கிவிட்டான்’ என்று இருந்துவிடுகிறார்கள். உதடு நீலமாவது, விழுங்க முடியாமல் எச்சில் வழிவது, இவற்றுக்கும் அதே அவசரம்தான். கரண்டியை விட்டுத் தொண்டையைப் பார்க்காதீர்கள். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, அழவிடாமல் தூக்கி வாருங்கள். அழுகை மூச்சை இன்னும் இறுக்கும்.

மீதி ஆன்டிபயாடிக்கை ஏன் கொடுத்தீர்கள்? வைரஸை அது ஒன்றும் செய்யாது. யாருக்கோ, எதற்கோ எழுதிய மருந்து அது. இன்றோடு நிறுத்துங்கள், கொடுத்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆவியும் வேண்டாம், க்ரூப்புக்கு அதனால் பலன் நிரூபணமாகவில்லை, வெந்நீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளைத்தான் பார்க்கிறோம். இந்த வீக்கத்தைக் குறைப்பது டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. பெரும்பாலும் ஒரே ஒரு வேளை போதும், சில மணி நேரத்தில் தெரியும். ஸ்டீராய்டு என்றதும் இணையத்தில் தேடப் போகாதீர்கள். உங்கள் மருத்துவர் எழுதியிருந்தால் எழுதிய அளவில் கொடுங்கள்.