ஐம்பது அங்குலப் பாய்க்கப்பல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வல்வெட்டித்துறைக் கப்பல்கள் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்த பிறகுதான் இதைக் கேட்கலாம் என்று தோன்றியது. லண்டனில் இருக்கும் பெரியப்பா வீடு மாறும்போது, மற்றச் சாமான்களோடு ஒரு பழைய ரேடியோ கொன்ட்ரோல் பாய்க்கப்பலையும் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார். அவரே யாரிடமோ பழையதாக வாங்கியதாம், விவரம் தெரியாது. மரத்தால் செய்தது. நீளம் சரியாக 50 அங்குலம். அடியில் ஈயக்குண்டு. மேல்தளம் இரண்டு இடத்தில் உப்பி வெடித்திருக்கிறது. பாய் மஞ்சளாகிவிட்டது. ரிமோட்டில் முழ நீளத்துக்கு அன்ரெனா இருக்கிறது, ஆனால் உயிர் இல்லை.

இதைத் திருத்துவதில் பயன் உண்டா, அல்லது எறிந்துவிட்டு ஒன்லைனில் சீனப் படகு ஒன்றை வாங்கலாமா? கூட்டாளிமார் எறியத்தான் சொல்கிறார்கள். திருத்துவதானால், இந்த உடலிலேயே இரண்டு பாய்மரம் நட்டு, வல்வெட்டித்துறையின் பழைய பாய்க்கப்பலான அன்னபூரணி போல ஆக்க ஆசை. முடியுமா? திருகோணமலையில் எங்கே ஓடவிடுவது? டச்சுக் குடாவில் விடலாமா?

– ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

எறியாதீர்கள். கூட்டாளிமாருக்கு வேண்டுமானால் சீனப் படகை வாங்கிக் கொடுங்கள், சேர்ந்து ஓடலாம். அதுவும் மட்டமான சாமான் இல்லை. 65 சென்ரிமீற்றர் நீளத்தில் வரும் ட்ராகன் ஃபோர்ஸ் என்ற சீனப் படகை வைத்துப் பல நாடுகளில் ஒழுங்காகப் போட்டியே நடத்துகிறார்கள். ஆனால் உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது வேறு சாதி.

சரியாக 50 அங்குலம் என்று எழுதினீர்களே, அங்கேயே அது தன் பெயரைச் சொல்லிவிட்டது. அது அநேகமாக மாபிள்ஹெட் வகைப் படகு. அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் மாபிள்ஹெட் என்றொரு கரையோர ஊர் இருக்கிறது. அங்கே 1930இல் ரோய் கிளவ் என்பவர் ஒரு விதியை வகுத்தார்: உடல் நீளம் 50 அங்குலம், பாய்ப் பரப்பு 800 சதுர அங்குலம், இந்த இரண்டுக்குள்ளும் உன் கெட்டித்தனத்தைக் காட்டு. அப்போது ரேடியோ கிடையாது. காற்றைப் பார்த்துத் தானாகச் சுக்கானைத் திருப்பும் பொறியைப் பூட்டிவிட்டு, குளக்கரை நெடுக ஓடி, அக்கரையில் படகைப் பிடித்துத் திருப்பிவிடுவார்களாம். ரேடியோ பிறகு வந்து சேர்ந்தது. இன்று அதிகம் பேர் ஓட்டும் ஒரு மீற்றர் வகை 1988இல் வந்தது. உங்கள் படகின் பரம்பரை அதற்கு மிக மூத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணியை வில்லியம் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, நம்மவர்களே ஓட்டிப் போய் 1938இல் சேர்த்தார்களே, குளொஸ்டர் துறைமுகம், அதுவும் மாபிள்ஹெட்டும் ஒரே கவுண்டியில், நம் பேச்சில் ஒரே மாவட்டத்தில், இருக்கும் கரையோர ஊர்கள். உங்கள் ஆசைக்கு இடம் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது. அப்படியிருந்தும், இந்த உடலில் அன்னபூரணியைக் கட்டவேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணம் காற்று. கப்பலைச் சுருக்கலாம், காற்றைச் சுருக்க முடியாது. அன்னபூரணி 89 அடி நீளம் என்று சொல்வார்கள், அதாவது ஏறக்குறைய 27 மீற்றர். கணக்கு எளிதாக இருக்க, அதை ஒரு மீற்றருக்குக் கொண்டுவந்தால் 27இல் ஒரு பங்கு. அப்போது பாயின் பரப்பு 27ஐ 27ஆல் பெருக்கிய அளவு, அதாவது 729 மடங்கு குறையும். எடைக்கோ அதை இன்னுமொரு 27ஆல் பெருக்க வேண்டும், 19,683 மடங்கு குறைந்துவிடும். பாய் ஓரளவு மிஞ்சுகிறது, அதைத் தாங்க வேண்டிய எடை கரைந்துபோகிறது. விளைவு என்னவென்றால், நமக்கு முகத்தில் இதமாகப் படும் 10 நொட் (மணிக்கு 10 கடல் மைல்) காற்று, அந்தச் சின்ன அன்னபூரணிக்கு 50 நொட்டைத் தாண்டிய புயல். கரையிலிருந்து தள்ளிவிட்ட மறு நிமிடம் பாய் தண்ணீரில் படுத்துவிடும். உண்மையான கப்பல் சரக்கையும் பாரக் கற்களையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே நிமிர்ந்து நின்றது. மாதிரியில் எவ்வளவு பாரத்தை உள்ளே வைத்தாலும் போதாது. பாரத்தை உடலுக்கு வெளியே, ஆழத்தில் தொங்கவிட வேண்டும். உங்கள் படகின் கீல், அதாவது அடியில் இறங்கும் தகடு, அவ்வளவு நீளமாக இறங்கி, நுனியில் ஈயக்குண்டைப் பிடித்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான்.

பழைய கப்பல்களின் மாதிரியை ஓட்டுகிறவர்கள் இல்லாமலில்லை. கழற்றிப் பூட்டக்கூடிய பொய்க் கீல் ஒன்றைத் தண்ணீருக்குக் கீழே மறைத்துவிடுவார்கள். மேசையில் வைக்கும்போது கழற்றிவிட்டால் அசல் கப்பல் போலவே இருக்கும். ஆனால் அது இரண்டாவது வேலை. அன்னபூரணிக்கென்று வேறு உடல் கட்டுவோம். முதலில் இந்த மாபிள்ஹெட்டில் காற்றைப் படியுங்கள்.

சரி, திருத்தம். உப்பிய தளத்தைக் கண்டதும் பெயின்ற் வாங்க ஓடாதீர்கள். தண்ணீர் எங்கே புகுந்தது என்று தெரியாமல் பூசுவது வீண் வேலை. தளத்திலுள்ள துளைகளையும் மூடியையும் இன்சுலேசன் ரேப்பால் இறுக்கி ஒட்டுங்கள். ஒரே ஒரு துளையில் மெல்லிய றப்பர்க் குழாயைச் செருகுங்கள். சவர்க்காரத்தை நுரைக்க அடித்து, கீல் உடலுக்குள் நுழையும் பெட்டியைச் சுற்றியும், சுக்கான் தண்டு வெளிவரும் குழாயைச் சுற்றியும், தளமும் உடலும் சேரும் விளிம்பு நெடுகவும் தூரிகையால் தடவுங்கள். பிறகு குழாயில் வாயை வைத்து மெதுவாக ஊதுங்கள். சைக்கிள் பம்ப் வேண்டாம், தளம் கிளம்பிவிடும். எங்கே கடுகுபோலக் குமிழ் வருகிறதோ அங்கே பென்சிலால் வட்டம் போடுங்கள். என் அனுபவத்தில் பத்துப் படகில் எட்டு, கீல் பெட்டியில்தான் ஒழுகும். நாலைந்து கிலோவை ஒற்றைத் தகட்டில் தொங்கவிட்டுக் காற்றில் ஆட்டினால் அந்த மூட்டு வேறென்ன செய்யும்?

வட்டம் போட்ட பிறகு கத்தி நுனியால் மரத்தைக் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் உளுத்துவிட்டது, வெட்டி எடுக்க வேண்டும். ஒட்டுப் போட பாரமான மரம் வேண்டாம். லுணுமிதெல்ல என்று சிங்களத்தில் சொல்லும் மலைவேம்பு நல்லது. லேசானது, இழைத்தால் சொன்னபடி வளையும். தளம் முழுக்கக் கெட்டிருந்தால் புதுத் தளமே போடலாம். இந்த வகைப் படகுகள் சிலவற்றில் மெல்லிய குறுக்குச் சட்டங்களின் மேல் பிளாஸ்ரிக் படலத்தை இறுக்கி ஒட்டியிருப்பார்கள், அவ்வளவுதான் தளம்.

பைபர் போட் திருத்தும் பட்டறை கடற்கரையெங்கும் இருப்பதால் அங்கே கொண்டுபோகத் தோன்றும். கொண்டுபோங்கள், அந்தக் கைகளின் பழக்கம் பெரியது. ஆனால் அங்கே பாவிக்கும் பைபர் மட் என்ற கண்ணாடி நார் விரிப்பு சதுர மீற்றருக்கு 450 கிராம். அது தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ரெசின், அதாவது இறுகும் பிசின், குடிக்கும். உங்கள் உடலுக்கு அரைச் சதுர மீற்றர் போர்த்தினாலே முக்கால் கிலோவை நெருங்கிவிடும், அதுவும் நீர்மட்டத்துக்கு மேலே பாதி. மீன்பிடிப் படகுக்கு அது பலம், உங்கள் படகுக்கு அது பாரம். நூறு கிராமுக்குள் வரும் மெல்லிய நெய்த பைபர்த் துணியையும் எபொக்சி என்ற ரெசினையும் தேடி எடுங்கள். பட்டறையின் சாதாரண பொலியெஸ்டர் ரெசின் மீது எபொக்சி பிடிக்கும். எபொக்சி மீது பொலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. எனவே ஒருமுறை எபொக்சி பூசினால் பிறகு எல்லாமே எபொக்சிதான். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். ஈயக்குண்டை உலர்வாகத் தேய்க்கவே வேண்டாம். ஈரத்தில் தேய்த்து, சாப்பிட முன் கையைக் கழுவுங்கள்.

ரிமோட்டையும், அதன் அலையைப் படகுக்குள் வாங்கும் ரிசீவரையும் அனுதாபமில்லாமல் ஒதுக்கிவிடலாம். முழ நீள அன்ரெனா என்றால் அது பெரும்பாலும் 27 அல்லது 40 மெகாஹேர்ட்ஸ் காலத்தது. இப்போது எல்லாம் 2.4 கிகாஹேர்ட்ஸ். உங்களுக்கு வேண்டியது இரண்டே இரண்டு கட்டுப்பாடு, சுக்கானுக்கு ஒன்று, பாய்க் கயிற்றுக்கு ஒன்று. ஆகவே விலை கூடிய செட் தேவையில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: 2.4இன் அலை தண்ணீருக்குள் போகாது. ரிசீவரின் சின்ன அன்ரெனா நீர்மட்டத்துக்கு மேலே, தளத்தின் அடியோடு ஒட்டி இருக்க வேண்டும். ரிசீவரைப் பிள்ளைகள் ஊதும் பலூன் ஒன்றுக்குள் போட்டு, வயர் வெளிவரும் வாயைக் கட்டிவிடுங்கள். உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள்.

பழைய பற்றரி இருந்த இடத்து வயரைச் சற்று உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் நுனியை வெட்டிப் பூட்டிப் பயனில்லை, அந்தக் கறுப்பு உள்ளே நெடுக ஓடியிருக்கும். முழு வயரையும் மாற்றுங்கள். பாயை இழுக்கும் வின்ச் சில வேளை இன்னும் வேலை செய்யும். புது ரிசீவரில் பூட்டிப் பாருங்கள். சுற்றும்போது கயிறு தளர்ந்தால் உருளையிலிருந்து நழுவிச் சிக்கும், படகு நடுத் தண்ணீரில் பாயை மூடவும் திறக்கவும் முடியாமல் நிற்கும். கயிற்றைத் தளம் நெடுக ஒரு கப்பி வழியாக வளையமாக ஓட்டி, ஒரு மெல்லிய இலாஸ்ரிக்கால் எப்போதும் இழுபட வையுங்கள்.

மஞ்சள் பாயைக் கிழிக்காமல் கவனமாகக் கழற்றி, அச்சாக வைத்து வரைந்துகொள்ளுங்கள். படம் வரைபவர்கள் பாவிக்கும் வரைதாள் படலத்தில் ஒரு செட் வெட்டி முதலில் அதையே கட்டலாம். இரண்டு பாய்க்கும் ஒரே விதி: படபடக்கும் வரை தளர்த்து, படபடப்பு நிற்கும் அளவுக்கு மட்டும் இழு. புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இறுக்கி இழுத்துவிட்டு, படகு ஏன் நகரவில்லை என்று கேட்பார்கள். காற்றுக்கு எதிரே சாய்த்து ஓட்டும்போது சுக்கானைச் சும்மா விட்டால் அணியம், அதாவது படகின் முன்பக்கம், மெல்ல மெல்லக் காற்றுப் பக்கம் திரும்ப வேண்டும். சடாரென்று திரும்பினால் பாய்மரத்தைக் கொஞ்சம் முன்னே சாயுங்கள், மறுபக்கம் விலகினால் பின்னே. படகு உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிக் குழப்பும். அப்போது நீங்களும் படகு பார்க்கும் திசையைப் பார்த்து நின்று, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பாருங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அப்புறம் இடம். டச்சுக் குடாவில் விடாதீர்கள், குறைந்தது சோளகம் என்ற தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் செப்ரெம்பர் வரைக்கும். கடல் கண்ணாடிபோல இருப்பதைக் கண்டு ஏமாறத் தோன்றும். ஆனால் அப்போது காற்று தரைப் பக்கத்திலிருந்து கிழக்கே கடலுக்கு அடிக்கிறது. பற்றரி இறங்கினாலோ கயிறு சிக்கினாலோ பெரியப்பாவின் படகு வங்காள விரிகுடாவுக்குப் போய்விடும். வாடைக் காலத்தில் அலை, அதைச் சொல்லத் தேவையில்லை. நம்முடைய நகரம் வெளிக் கடலுக்கும் உட்துறைமுகத்துக்கும் நடுவே இருக்கிறது, அது இங்கே உதவும். அதே சோளகக் காற்று உட்துறைமுக வீதிப் பக்கத்தில் தண்ணீரிலிருந்து கரைக்கு அடிக்கிறது. என்ன பழுதானாலும் படகு தானாக உங்கள் காலடிக்கு வரும். காலை வேளையில் போங்கள், மதியத்துக்குப் பிறகு காற்று முரட்டுத்தனமாகிவிடும். கீல் ஆழம் என்பதால் இடுப்பளவு தண்ணீருக்குப் போய்த்தான் விட வேண்டும். கடற்படை எல்லைப் பக்கம் மட்டும் ரிமோட்டோடு போய் நிற்காதீர்கள். முதல் நாளே படகைக் காட்டி, இன்ன இடத்தில் இன்ன நேரம் ஓட்டலாமா என்று கேட்டுவிட்டால் உங்களுக்கும் நிம்மதி, அவர்களுக்கும் நிம்மதி. ஒரு தூண்டில் தடியும், நூல் நுனியில் கட்டிய ரெனிஸ் பந்தும் கூடவே இருக்கட்டும். நின்றுபோன படகுக்கு அப்பால் பந்தை வீசி, நூலைப் பாய்மரத்தில் மாட்டி இழுக்கலாம்.

உப்புத் தண்ணீரில் ஓட்டிய அன்றே நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவி, மூடியைத் திறந்து நிழலில் காயவையுங்கள். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் வின்ச் போய்விடும். உப்பே வேண்டாம் என்றால் கந்தளாய்க் குளம் இருக்கிறது. தூரம்தான், ஆனால் பரந்த தண்ணீர், நல்ல காற்று. படகை எடுக்கிறேன் என்று குளத்துக்குள் இறங்க முன் முதலை நடமாட்டம் பற்றி அந்த ஊர் ஆட்களிடம் கேளுங்கள். நீர்ச்செடி அடர்ந்த மூலைகளையும் விட்டுவிடுங்கள், கீலில் ஒரு கொடி சுற்றினால் படகு அசையாது.

கீலைக் கழற்ற முடிந்தால் ஈயக்குண்டோடு சேர்த்துத் தராசில் நிறுத்து, எத்தனை கிலோ என்று எழுதுங்கள். கீல் பெட்டியையும் கிட்ட நின்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். உள்ளே எந்தப் பக்கம் பலப்படுத்துவது என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.