ரேடியேட்டர் விசிறியை இக்னிஷனில் நேரடியாக இணைத்துவிடலாமா?

வேண்டாம். சிக்னலில் நின்றால் சூடு ஏறுகிறது, ஏ.சி.யின் குளிர்ச்சி குறைகிறது, நெடுஞ்சாலையில் மட்டும் எந்தத் தொல்லையும் இல்லை என்கிறீர்கள். விசிறி எப்போதும் ஓடும்படி இக்னிஷனிலிருந்து நேராக ஒயர் இழுத்துவிடலாம் என்று மெக்கானிக் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஏழு பேர் அமரும் எங்கள் குடும்ப வண்டிக்கும் இதே அறிகுறிகள் இருந்தன, இதே யோசனையும் சொல்லப்பட்டது. அதனால்தான் சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

இவ்வகை வண்டிகளில் பலவற்றில் எஞ்சின் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களை இயக்குவதால், எஞ்சினின் பெல்ட்டிலேயே சுழலும் பழைய வகை விசிறியை ரேடியேட்டருக்கு நேராக வைக்க முடிவதில்லை. ஆகவே மின்மோட்டாரில் ஓடும் விசிறிகள், பெரும்பாலும் இரண்டு, அருகருகே பொருத்தப்படுகின்றன. ரேடியேட்டருக்கு முன்னால், ஏ.சி.யின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் இருக்கிறது, விசிறிகள் இவை இரண்டின் வழியாகவும் காற்றை இழுக்கின்றன. வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்றே போதும். நிற்கும்போது விசிறியை விட்டால் காற்றுக்கு வேறு வழியில்லை. நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் முதலில் விசிறியையே சந்தேகிக்க வேண்டும். ஓடும்போதும் சூடேறினால்தான் அடைபட்ட ரேடியேட்டர், வாட்டர் பம்ப் ஆகியவற்றின் பக்கம் போக வேண்டும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் சூட்டை அளக்கும் சென்சாரின் மின்தடை, சூடு ஏற ஏறக் குறையும். அதைக் கொண்டு வெப்பநிலையை அறியும் இ.சி.யு. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), சுமார் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் அளவில் விசிறிகளைக் குறைந்த வேகத்திலும், 105 டிகிரியை ஒட்டி முழு வேகத்திலும் ஓட்டுகிறது. இந்த எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். ஏ.சி.யைப் போட்டால் எஞ்சின் சூடாகும் வரை காத்திராமலும் விசிறி ஓடும்.

எங்கள் வண்டியில் இந்த இரண்டு வேகங்களும் ரிலேக்கள், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள், மூலம் கிடைத்தன. குறைந்த வேகத்தில் இரண்டு மோட்டார்களும் தொடர் இணைப்பில் நின்று மின்னழுத்தத்தை ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும். முழு வேகத்தில் பக்க இணைப்புக்கு மாறி, ஒவ்வொன்றும் முழு 12 வோல்ட்டையும் பெறும். தொடர் இணைப்பில் ஒரு மோட்டார் செத்தால் மற்றதும் நின்றுவிடும். எங்களுக்கு நடந்தது இதுதான். குறைந்த வேகம் என்பதே இல்லாமல் போனதால், நின்ற இடத்தில் சூடு ஏறிக்கொண்டே போய், முழு வேகத்திற்கான கட்டளை வந்த பிறகு நல்ல மோட்டார் மட்டும் தனியாகச் சுழன்றது. பானெட்டைத் திறந்து பார்த்தவர்கள் எல்லோரும், "விசிறி நன்றாகத்தானே சுற்றுகிறது" என்றார்கள். சூட்டுக்கேற்பக் கூலன்ட்டின் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட் மாற்றப்பட்டது, ரேடியேட்டர் கழற்றிச் சுத்தம் செய்யப்பட்டது, நிலைமை அப்படியே இருந்தது.

கடைசியில் ஒரு மூத்த எலக்ட்ரீஷியன் ஏ.சி.யைப் போடச் சொல்லி, அசையாமல் நின்ற விசிறியின் மோட்டாரை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டினார். இரண்டு விசிறிகளும் ஒன்றாகச் சுழலத் தொடங்கின. கழற்றிப் பார்த்தபோது அந்த மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்கள் அடி வரை தேய்ந்திருந்தன. கனெக்டரின் பிளாஸ்டிக்கும் வெப்பத்தில் பழுத்து விளிம்பில் உருகியிருந்தது. எல்லா வண்டிகளிலும் இதே அமைப்பு என்று நான் சொல்லவில்லை. சிலவற்றில் குறைந்த வேகத்துக்கு ரெசிஸ்டர் உண்டு, புதியவற்றில் தனி மாட்யூலே வேகத்தைப் படிப்படியாக மாற்றுகிறது. மெக்கானிக்குகளைக் குறை சொல்வதும் என் நோக்கமில்லை. கண்டுபிடித்தவரும் அவர்களைச் சேர்ந்தவர்தானே.

நேரடி இணைப்பு ஏன் கூடாது என்றால், இத்தகைய மோட்டார் ஒன்றே முழு வேகத்தில் சாதாரணமாக 15 முதல் 25 ஆம்பியர் வரை இழுக்கும். இக்னிஷன் சுவிட்சின் தொடர்பு முனைகள் அந்தச் சுமைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ரிலேயும் ஃபியூஸும் வைத்தே இணைத்தாலும், நெடுஞ்சாலையில் தேவையின்றி ஓடி நல்ல மோட்டாரின் பிரஷ்களும் விரைவில் தேயும். செத்த மோட்டாரோ எப்படி இணைத்தாலும் சுழலாது. எப்போதும் விசிறி ஓடினால் எஞ்சின் குளிர்ந்தே கிடக்குமே என்று சிலர் வாதிடுவார்கள். தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் அந்த அச்சம் வேண்டியதில்லை. என் எதிர்ப்பு, பழுது மறைந்துபோகிறது என்பதற்காகத்தான்.

இந்த இடத்தில் வண்டி தயாரிப்பவர்கள்மீது எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. பல வண்டிகளில் வெப்பமானியையே எடுத்துவிட்டு ஒரு சிவப்பு விளக்கை மட்டும் வைத்திருக்கிறார்கள். முள் இருப்பவற்றிலும் பெரும்பாலும், உண்மையான வெப்பநிலை கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். குழந்தைகளும் முதியவர்களும் பயணம் செய்யும் வண்டியில் ஓட்டுநருக்கு எச்சரிக்கை தாமதமாகத்தான் கிடைக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டு, இரண்டு விசிறிகளும் சுழல்கின்றனவா என்று கை வைக்காமல் பாருங்கள். எஞ்சினை அணைத்த பிறகும் விசிறி தானாகக் கிளம்பக்கூடும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். பிறகு, இ.சி.யு.வோடு இணைத்துச் சோதிக்கும் ஸ்கேனர் கருவி உள்ள பட்டறையில், குறைந்த வேகம், முழு வேகம் இரண்டையும் தனித்தனியாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மோட்டாரை மாற்ற நேர்ந்தால் கனெக்டரையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்; பழுத்த கனெக்டரில் புது மோட்டாரைச் செருகினால் அதே இடம் மீண்டும் சூடாகும்.