குதிரைப்படை அதிகாரி, கும்பிட்டு அனுப்பப்பட்ட ஜெனரல், அப்புறம் ஆகாயக் கப்பல்

கேள்வி: 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ராணுவ அதிகாரிகளில் உங்களுக்குப் பிடித்தவர் யார்? ஏன்?

எல்லாரும் பிரஷ்யப் படையை நடத்திய தளபதி மோல்ட்கேயைச் சொல்வார்கள். நான் செப்பலினைச் சொல்கிறேன். ஆமாம், அந்தச் சுருட்டு வடிவ ஆகாயக் கப்பலுக்குப் பெயர் கொடுத்தவர்தான். அவர் ஏதோ எஞ்சினியர் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை. 35 வருஷம் சீருடையில் இருந்த குதிரைப்படைக்காரர்.

ஃபெர்டினாண்ட் வான் செப்பலின் 1838இல் போடன் ஏரிக்கரையில் உள்ள கான்ஸ்டன்ஸ் நகரில் பிறந்தார். கவுன்ட் பட்டம் உள்ள குடும்பம், பணத்துக்குக் குறைவில்லை. அப்போது ஜெர்மனி என்று ஒரே நாடு கிடையாது. இவர் சேர்ந்தது வூர்ட்டம்பெர்க் என்ற சிறிய ராஜ்யத்தின் படையில். 1855இல் லூட்விக்ஸ்பர்க் ராணுவப் பள்ளி, 1858இல் லெப்டினன்ட். நடுவில் கொஞ்ச காலம் டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் படிப்பு.

1863இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். வேடிக்கை பார்க்க, அதாவது 'பார்வையாளராக', விடுப்பு வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். லிங்கனைச் சந்தித்தார், வடக்குப் படையுடன் கொஞ்ச நாள் சுற்றினார். ஆனால் அவர் வாழ்க்கையைத் திருப்பிய சம்பவம் போர்க்களத்தில் நடக்கவில்லை. ஆகஸ்டில் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஜான் ஸ்டைனர் என்ற ஜெர்மன்காரர் பலூன் வைத்துக் காட்சி காட்டிக்கொண்டிருந்தார். ஸ்டைனர் அதற்கு முன் வடக்குப் படைக்காகப் பலூனில் ஏறி எதிரியை வேவு பார்த்தவர். கயிற்றில் கட்டிய அந்தப் பலூனில் செப்பலினும் ஏறினார். மேலே போனதும் அவர் கண்ணுக்குப் பட்டது இயற்கை அழகு இல்லை. எந்த மேட்டுக்குப் பின்னால் படையை நிறுத்தலாம், எதிரி எந்த வழியாக வருவான் என்ற கணக்குதான். அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் அதைத்தான் எழுதினார்.

இது ஏன் முக்கியம் என்றால், அந்தக் காலக் குதிரைப்படைக்கு வேவு பார்ப்பது பாதி வேலை. மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஒருவன் குதிரையில் போய்ப் பார்த்துவிட்டு உயிரோடு திரும்பி வர வேண்டும். அது எவ்வளவு சிரமம் என்று அவருக்கு 1870 ஜூலையில் நேரடியாகவே தெரிந்தது. பிரான்சுடன் போர் அறிவித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. சில பாடன் நாட்டுக் குதிரை வீரர்களோடு எல்லை தாண்டி பிரான்சின் அல்சாஸ் பகுதிக்குள் புகுந்தார். இரண்டாம் நாள் ஷிர்லென்ஹோஃப் என்ற சிற்றூரில் ஒரு சத்திரத்தில் இறங்கினார்கள். குதிரைகளும் களைத்திருந்தன, ஆட்களுக்கும் பசி. அந்த நேரம் பார்த்துப் பிரெஞ்சுக் குதிரைப்படை வந்து சூழ்ந்துகொண்டது. வின்ஸ்லோ என்ற இளம் அதிகாரி அங்கேயே உயிரை விட்டார். ஜெர்மன் தரப்பில் அந்தப் போரின் முதல் பலி அவர்தான். மற்றவர்கள் பிடிபட்டார்கள். செப்பலின் மட்டும் கைக்குக் கிடைத்த பிரெஞ்சுக் குதிரை ஒன்றில் தாவி ஏறிக் காட்டுக்குள் மறைந்து, தகவலோடு திரும்பினார். ஜெர்மனி முழுக்கப் பேர் வாங்கிவிட்டார்.

அதே போரில் பாரிஸ் முற்றுகையிடப்பட்டபோது, உள்ளே இருந்தவர்கள் 60க்கும் மேற்பட்ட பலூன்களைப் பறக்கவிட்டுக் கடிதமும் ஆளும் வெளியே அனுப்பினார்கள். காற்று போகிற போக்கில்தான் போக முடியும், அது ஒன்றுதான் குறை. 1874இல் செப்பலினின் நாட்குறிப்பில், நினைத்த திசைக்கு ஓட்டக்கூடிய பெரிய ஆகாயக் கப்பல் பற்றிய யோசனை வந்துவிட்டது.

ராணுவ வேலையும் ஒழுங்காகத்தான் போனது. 1882 முதல் 1885 வரை உல்ம் நகரில் 19ஆம் உலான் (ஈட்டி ஏந்திய குதிரைப்படை) ரெஜிமென்ட்டின் தளபதி. பிறகு பெர்லினில் வூர்ட்டம்பெர்க்கின் பிரதிநிதி. அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். வூர்ட்டம்பெர்க் படை மீது, 1871இல் ஒன்றான ஜெர்மனிக்குத் தலைமை தாங்கிய பிரஷ்யாவின் பிடி இறுகுகிறது என்று 1890இல் ஒரு குறிப்பு எழுதினார். பெர்லினில் அது யாருக்கும் ருசிக்கவில்லை. அந்த வருஷ இலையுதிர்காலப் போர்ப் பயிற்சியில் அவர் படை நடத்திய விதத்துக்கு மோசமான மதிப்பீடு. லெப்டினன்ட் ஜெனரல் பட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயது 52. பயிற்சியில் உண்மையிலேயே சொதப்பினாரா, குறிப்புக்குப் பழிவாங்கினார்களா? இரண்டும் கலந்திருக்கும் என்பது என் ஊகம்.

அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் தெரிந்த கதை. கணக்குப் போட எஞ்சினியர்களை வைத்துக்கொண்டார். 8 லட்சம் மார்க் முதலீட்டில் கம்பெனி தொடங்கினார், பாதிக்கு மேல் சொந்தப் பணம். 1900 ஜூலை 2ஆம் தேதி மாலை, போடன் ஏரியில் மிதக்கும் கொட்டகையிலிருந்து 128 மீட்டர் நீளக் கப்பல் எழும்பியது. கொட்டகையை ஏன் மிதக்கவிட்டார் தெரியுமா? காற்று வீசும் திசைக்கு அதுவே திரும்பிக்கொள்ளும், கப்பலை வெளியே எடுப்பது சுலபம். மூக்கை ஏற்றி இறக்க, அடியில் முன்னும் பின்னும் நகரும் ஒரு எடை. நடு வானில் அது மக்கர் செய்ய, 18 நிமிடத்தில் ஏரியில் இறக்க வேண்டியதாயிற்று. மூன்று முறை பறந்ததோடு காசு தீர்ந்து, கப்பலையே பிரித்துப் போட்டார்கள்.

1908 ஆகஸ்டில் நான்காவது கப்பல் எக்டர்டிங்கன் அருகே புயலில் சிக்கி எரிந்து சாம்பலானது. ஆள் தீர்ந்தார் என்று பார்த்தால், ஜனங்கள் தாங்களாகவே 60 லட்சம் மார்க் திரட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் ஜெர்மன் பேரரசர் கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் நேரில் வந்து உயரிய விருதான கருங்கழுகு விருதை அணிவித்து, இந்த நூற்றாண்டின் மிகப் பெரிய ஜெர்மானியர் என்று புகழ்ந்தார். 1890இல் இவரை வீட்டுக்கு அனுப்பியதும் இதே கைசரின் ராணுவம்தான்!

அவரை மகானாக்கவும் எனக்கு மனமில்லை. 1915இல் அவர் கப்பல்கள் இங்கிலாந்து ஊர்கள் மீது குண்டு போட்டபோது அதை ஆதரித்தவர் அவர். ஆனால் கப்பல் எளிதில் தீப்பிடிக்கும், சுட்டு வீழ்த்தப்படும் என்பதையும் புரிந்துகொண்டு, போர் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே பல எஞ்சின் பூட்டிய ராட்சத விமானங்கள் கட்டும் வேலையில் இறங்கிவிட்டார். 1917 மார்ச் 8ஆம் தேதி பெர்லினில் இறந்தபோது வயது 78. தன் பெயர் தாங்கிய கப்பலைத் தானே தாண்டி யோசித்துக்கொண்டிருந்தார் கிழவர்.